உலைக்களத்துப் பெயர்: ‘ஸ்மித்’ என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாறு

வின்சென்ட் ஸ்மித்தின் பெயரைக் கேளாத வரலாற்று மாணவர் தமிழகத்தில் அரியர். 1904ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இந்தியாவின் தொடக்ககால வரலாறு பல தலைமுறைகளாகக் கல்லூரிகளில் பயிலப்பட்டது. பொருளியல் பயில்வோர் முதலில் அறிந்துகொள்ளும் பெயர் ஆடம் ஸ்மித்துடையது. இவருள் முன்னவர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். பின்னவர் ஸ்காட்லாந்தின் கர்கால்டியைச் சேர்ந்தவர். தாழ்த்தப்பட்ட கறுப்பின மக்களின் துயரைத் தம் குரலில் ஏற்றிப் பாடிய பெஸ்ஸி ஸ்மித் அமெரிக்கத் தென்மாநிலமொன்றில் 1894இல் பிறந்தவர். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் பதக்க மேடை மீது நின்று கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்திய டாமி ஸ்மித்தை உலகம் மறக்கவில்லை. இந்நால்வரையும் ஒரு பெயர் இணைக்கின்றது. ஆயின், குருதியுறவு இணைக்கவில்லை.

குடும்பப் பெயர் என்றவுடன் குலமும் வழிமுறையும் நினைவுக்கு வருதல் இயல்பு. பெயர் ஒன்றாயின் முன்னோரும் ஒருவரே என்று கருதும் மனப்பாங்கு எல்லா நாட்டினரிடமும் உண்டு. ஸ்மித் என்னும் பெயரின் வரலாற்றை நெருங்கி நோக்குவோர்க்கு இக்கருத்து நிலைகுலைந்து போகும். அப்பெயரை முதலில் தாங்கியவர்கள் அதனைத் தாமே சூட்டிக்கொண்டவர் அல்லர். அண்டை வீட்டார் அழைத்தனர், எழுத்தர் எழுதினர், சில இடங்களில் சட்டம் திணித்தது, கடல் கடந்த நாட்டில் உடைமையாளன் பெயராக அது அடிமையின் மேல் வந்து படிந்தது.

சொல்லின் வேர்

‘ஸ்மித்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். இன்று அது உலோகத் தொழிலாளரைக் குறிக்கும். பழைமையில் அதன் பொருள் இன்னும் விரிந்தது. கடினமான பொருளைக் கருவியால் உருவாக்கும் கைவினைஞன் எவனையும், அவன் இரும்பில் தொழில் செய்யினும் மரத்தில் தொழில் செய்யினும், அச்சொல் குறித்தது. காலப்போக்கில் உலோக வேலைக்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிற்று. ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் இதன் உடன்பிறப்புச் சொற்கள் உள்ளன.

‘அடித்தல்’ என்று பொருள்படும் ‘ஸ்மைட்’ என்னும் வினையிலிருந்து இப்பெயர் வந்தது என்பார் உளர். பட்டடைக்கல்லின் மேல் சம்மட்டியால் ஓங்கி அடிப்பவன் ஆதலின் ஸ்மித் என்பர். வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, போர்க்களத்தில் பகைவரை அடித்து வீழ்த்திய வீரர்க்குரிய பெயர் என்பர். இவ்விளக்கங்கள் கேட்பதற்கு இனியன. ஆனால் சொல்லியலார் ஏற்பதில்லை. ‘ஸ்மைட்’ என்னும் வினை பழைய ஆங்கிலத்தில் பூசுதல், மாசுபடுத்துதல் என்னும் பொருளிலேயே வழங்கியது. அடித்தற்பொருள் பின்னர் ஏறியது. கரி படிந்த உலைக்களத்தினின்றும் தம் முன்னோரை வெளியேற்றிப் போர்க்களத்தில் நிறுத்த விரும்பியோர் கட்டிய கதை இது எனல் பொருந்தும். 1605ஆம் ஆண்டிலேயே வில்லியம் கேம்டன் ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பற்றி விரிவாக எழுதி, தொழிலிலிருந்து பிறந்த பெயர்கள் எத்துணை மிகுதி என்பதைக் காட்டியுள்ளார். அதற்குப் பின்னும் இத்தகைய கதைகள் ஓயவில்லை.

எழுத்துச் சான்றுகளில் இப்பெயர் மிகப் பழைமையானது. கி.பி. 975 அளவில் வடகிழக்கு இங்கிலாந்தில் ‘எக்கார்ட் ஸ்மித்’ என்பவன் பெயர் பதிவாகியுள்ளது. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் முற்பட்ட பதிவு அது. எனினும் எக்கார்ட் குடும்பப் பெயர் பூண்டவன் அல்லன். அவன் கொல்லன்; ஆகவே கொல்லன் எக்கார்ட். அவன் மகன் குயவனாயிருப்பின் குயவன் என்றே அழைக்கப்பட்டிருப்பான். அடைமொழி ஆளோடு பிறந்து ஆளோடு மறைந்த காலம் அது.

ஊருக்கு ஒரு கொல்லன்

இடைக்கால இங்கிலாந்தின் சிற்றூரில் பெரும்பாலோர் உழவர். கொழு இன்றி ஏர் இல்லை. அரிவாள் இன்றி அறுவடை இல்லை. லாடம் இன்றிக் குதிரை நடவாது. கதவுக்குக் கீல், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை, கூரைக்கு ஆணி என எல்லாவற்றுக்கும் மக்கள் கொல்லனையே நாடினர். துருத்தி ஊதும் ஓசையும் சம்மட்டி ஓசையும் கேட்கும் பட்டறை ஊரார் கூடும் இடமுமாயிற்று.

ஸ்மித் என்னும் பெயர் இத்துணைப் பரவியதற்குக் கொல்லர்கள் எண்ணிக்கையில் மிக்கிருந்தமையே காரணம் என்று பலரும் எண்ணுவர். இக்கருத்து பாதி உண்மையே. எண்ணிக்கை மட்டும் காரணமாயின், உழவன் என்னும் பொருளுடைய பெயரே இங்கிலாந்தில் முதலிடம் பெற்றிருத்தல் வேண்டும். நாற்பது உழவர் வாழும் ஊரில் ‘உழவன் ஜான்’ என்றால் எவரும் யாரையும் அடையாளம் காணார். ஊருக்கு ஒருவனாகவும் எல்லா ஊரிலும் இருப்பவனாகவும் கொல்லன் இருந்தான். ஊரினுள் அவன் தனித்தவன். நாடு முழுதும் நோக்கின் அவன் பல்லாயிரவன். இவ்விரு தன்மையும் ஒருங்கே பொருந்திய தொழில்கள் சிலவே. மாவாலைக்காரனும் தையற்காரனும் ஓரளவு பொருந்தினர். அவர்தம் பெயர்களும் ஆங்கிலேயரிடையே மிகுதி.

சிறப்புத் தொழில் செய்தோர்க்குச் சிறப்புப் பெயர்கள் தோன்றின. பொன் வேலை செய்தவன் கோல்ட்ஸ்மித். அம்பு முனை அடித்தவன் ஆரோஸ்மித். கத்தி செய்தவன் நேஸ்மித். அரிவாள் அடித்தவன் சிக்ஸ்மித். லாடம் அடித்தவன் ஷூஸ்மித். சிக்ஸ்மித் என்பதில் உள்ள ‘சிக்ஸ்’ ஆறு என்னும் எண் அன்று. அரிவாளைக் குறிக்கும் சொல்லின் தேய்ந்த வடிவம். ஆனால் இரும்புக் கொல்லனைக் குறிக்க இன்று வழங்கும் ‘பிளாக்ஸ்மித்’ என்னும் சொல் குடும்பப் பெயராக வேரூன்றவில்லை. வெறும் ஸ்மித் என்றாலே அவன்தான் என்பது எவர்க்கும் விளங்கிற்று, அடை தேவைப்படவில்லை.

பட்டறையில் தொழில் செய்தவர் மட்டுமன்றி, பட்டறைக்கு அருகில் குடியிருந்தவரும் இப்பெயரைப் பெற்றனர். ‘ஸ்மைத்’ என்னும் வடிவம் சில குடும்பங்களில் கொல்லனை அன்றிக் கொல்லுப்பட்டறையைக் குறித்து வந்தது என்பர். பிற்காலத்தில் அவ்வடிவம் உயர்குடித் தோற்றம் தருவதாகக் கருதப்பட்டு விரும்பி எழுதப்பட்டமை வேறு செய்தி. ஓரெழுத்தை மாற்றி உலைக்கரியைத் துடைத்துவிடலாம் என்பது அவர்தம் நம்பிக்கை போலும்.

எழுத்தர் கைப்பட்ட பெயர்

நார்மானிய ஆட்சியில் ஏடுகள் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டன. ஊரார் ‘ராபர்ட் ஸ்மித்’ என்றழைத்தவனை எழுத்தர் ‘ராபர்ட்டஸ் ஃபாபர்’ என்று எழுதினார். பிரெஞ்சு அறிந்தோர் ‘ஃபெரூர்’ என்றனர். இவ்வாறு ஒரே மனிதன் வாயில் ஒரு பெயரும் ஏட்டில் வேறொரு பெயருமாக வாழ்ந்தான். ஃபாரர் போன்ற குடும்பப் பெயர்கள் அந்த ஏட்டு வழக்கின் எச்சங்கள். பொதுவாக, மக்கள் வாய்மொழியே இறுதியில் வென்றது. எழுத்தர் எத்துணை முறை ஃபாபர் என்று எழுதினும் அவ்விலத்தீன் பெயர் இங்கிலாந்தின் மண்ணில் பெரும்பாலும் நிலைக்காமற் போயிற்று.

ஏனைய ஐரோப்பிய நாடுகளிலும் கொல்லன் பெயர் குடும்பப் பெயராயிற்று. ஹங்கேரியில் கோவாச், போலந்தில் கோவால்ஸ்கி, இத்தாலியில் ஃபெர்ராரி, அரபு நாடுகளில் ஹதாத் என்பன யாவும் உலைக்களத்துப் பெயர்களே. பிரான்சில் அது வட்டாரந்தோறும் வடிவம் மாறி லெஃபெவ்ர், ஃபாப்ர், ஃபோர் எனச் சிதறியது. பிரெத்தோன் மொழி வழங்கும் மேற்கில் லெ கோஃப் ஆயிற்று. ஜெர்மனியில் ஷ்மிட், ஷ்மிட்ஸ், ஷ்மீட் எனப் பிரிந்தது. இங்கிலாந்தின் ஸ்மித் பெரிதும் ஒரே வடிவில் நின்றது. அதன் முதலிடத்துக்கு இவ்வொருமையும் ஒரு காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உறைந்து நின்ற அடைமொழி

கொல்லன் மகன் கொல்லனாகாத போதும் ஸ்மித் என்றே அழைக்கப்பட்டானே, அந்தக் கணத்தில்தான் தொழிற்பெயர் குடும்பப் பெயராயிற்று. இக்கணம் ஒரே நாளில் நாடெங்கும் நேர்ந்ததன்று. நிலவுடைமைக் குடிகளிடையே பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே வழிவழிப் பெயர் காணப்படுகின்றது. நிலத்தின் மீதான உரிமையை மகன் நிலைநாட்டப் பெயர்த் தொடர்ச்சி உதவிற்று. எளிய மக்களிடம் இவ்வழக்கம் மெல்லவே பரவியது. தென்பகுதியில் முந்தியும் வடபகுதியில் பிந்தியும் நிகழ்ந்து, ஏறக்குறைய 1400க்குள் ஆங்கிலேயர் பெரும்பாலோர் குடும்பப் பெயர் உடையவராயினர்.

இம்மாற்றத்துக்கு அரசின் கணக்குப் புத்தகம் துணைநின்றது. 1377ஆம் ஆண்டில் பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரிடமும் தலைக்கு நான்கு பென்னி வரி தண்டப்பட்டது. 1379இலும் 1381இலும் மீண்டும் தலைவரி வந்தது. நிலமோ உடைமையோ உள்ளவனை மட்டுமே முன்னர் எழுதிய ஏடு, இப்பொழுது ஏவலாளையும் விதவையையும் எழுத வேண்டியதாயிற்று. எழுதப்படுதற்குப் பெயர் வேண்டும். ஐந்து ஜான்களுள் எந்த ஜான் வரி கொடுத்தான் என்பது தெரிய வேண்டும். அவ்வரியேடுகளில் எஞ்சியிருப்பவற்றைப் புரட்டினால், ஸ்மித் என்னும் பெயரோடு உலைத்தொழில் செய்வோர் ஒருபுறமும், பெயர் ஒன்றும் தொழில் வேறுமாய் உள்ளோர் மறுபுறமும் காணப்படுகின்றனர். அடைமொழி உறைந்துகொண்டிருந்த காலத்தின் காட்சி இது.

மூன்றாம் தலைவரியைத் தாளாது 1381இல் உழவரும் கைவினைஞரும் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் தலைவன் வாட் டைலர்; ஓடு வேய்பவன் என்பது அப்பெயரின் பொருள். இலண்டன் நகரை அடுத்த ஸ்மித்ஃபீல்டு திடலில் அவன் வெட்டி வீழ்த்தப்பட்டான். அத்திடலின் பெயரைக் கண்டு கொல்லர் சேரி என்று மயங்குதல் கூடாது. ‘ஸ்மூத்’, அதாவது சமதளம், என்னும் பொருள் தரும் பழஞ்சொல்லே அங்கே ஸ்மித் எனத் திரிந்தது. பெயரைக் கொண்டு வரலாறு காண முனைவோர் வழுக்கி விழும் இடங்களுள் இஃது ஒன்று.

1413ஆம் ஆண்டில் ஐந்தாம் ஹென்றியின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டமொன்று ஈண்டு நோக்கத்தக்கது. வழக்கில் ஒருவரைக் குறிப்பிடுங்கால் பெயரோடு அவர்தம் நிலை அல்லது தொழில், வாழும் ஊர் ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அது விதித்தது. ஜான் ஸ்மித் என்று எழுதினால் அவன் கொல்லனா தச்சனா என்பது நீதிமன்றத்துக்குத் தெரியவில்லை என்பதே இதன் உட்கிடை. தொழிலைச் சொல்லப் பிறந்த பெயர் தொழிலைச் சொல்லாத பெயராகிவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுமாறு ஆணையிட்டார். அதன்பின் பெயர் மாறுதல் அரிதாயிற்று.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நாடுகளின் செல்வம் பற்றிய நூலில் ஒரு செய்தி உண்டு. ஆணி அடித்துப் பழகாத பொதுக் கொல்லன் நாளொன்றுக்கு இருநூறு முந்நூறு ஆணிகளுக்கு மேல் செய்ய இயலாது. அத்தொழில் ஒன்றையே பயின்ற இளைஞர் ஒருநாளில் இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேல் செய்து குவிப்பர் என்கிறார். எல்லாம் வல்ல ஊர்க்கொல்லனின் காலம் முடிந்ததைக் கணக்கிட்டு உரைத்தவர் கொல்லன் பெயரையே தாங்கியவர். அவர் தந்தையோ சுங்க அலுவலர்.

சட்டம் சூட்டிய பெயர்

இங்கிலாந்தில் இப்பெயர் வாய்வழக்கில் வளர்ந்தது. அயர்லாந்தில் அதனைச் சட்டமே முன்மொழிந்தது. டப்ளினைச் சூழ்ந்து ஆங்கில ஆட்சி நிலவிய பகுதியில் வாழும் ஐரிஷ் மக்கள் ஆங்கிலேயர் போல உடுக்கவும், ஆங்கிலக் குடும்பப் பெயர் பூணவும் வேண்டும் என 1465ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. எத்தகைய பெயர் என்பதையும் அச்சட்டமே எடுத்துரைத்தது. ஊர்ப் பெயர் கொள்ளலாம். வெள்ளை, கறுப்பு, பழுப்பு என நிறப்பெயர் கொள்ளலாம். ஸ்மித், கார்ப்பென்டர் எனத் தொழிற்பெயர் கொள்ளலாம். சமையலாள், பண்டக வேலையாள் எனப் பணிப்பெயரும் கொள்ளலாம். மறுப்போர் ஆண்டுதோறும் உடைமை இழப்பர். சட்டம் எழுதியோர் கையில் பட்டியல் இருந்தது. அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்வதே குடிகளுக்கு எஞ்சிய உரிமை.

அச்சட்டத்தால் உடனடி விளைவு பெரிதாக இல்லை. ஆயின், பின்வந்த நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சி தீவு முழுதும் பரவியபோது அது கோரியது மெல்ல நிறைவேறியது. ஐரிஷ் மொழியில் ‘கொல்லன் மகன்’ எனப் பொருள்படும் பழங்குடிப் பெயர் ஒன்று உண்டு. அது ஒலிபெயர்ப்பில் மெக்கோவன் ஆயிற்று. மொழிபெயர்ப்பில் ஸ்மித் ஆயிற்று. கேவன் மாவட்டத்தில் அக்குடியினர் பெரும்பாலோர் ஸ்மித்துகளாயினர். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ‘கௌ’ என்று அழைக்கப்பட்ட கொல்லர் வழியினரும் பலர் அவ்வாறே மாறினர். இங்கே பொருள் மாறவில்லை. மொழி மட்டுமே மாறியது. ஆனால் ஓர் இனத்தின் வரலாற்றில் அந்த ‘மட்டும்’ எத்துணைப் பெரியது என்பதை மொழிப்பற்றுடையோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கேவன் ஊரில் வாழும் ஒரு ஸ்மித்தின் முன்னோர் ஒருகாலும் அப்பெயரை உச்சரிக்காதவராக இருந்திருத்தல் கூடும்.

துறந்தவரும் தேடியவரும்

பெயரைத் துறந்து உயர்ந்தவர் வரலாறும் உண்டு. சர் ஹ்யூ ஸ்மித்சன் என்பார் யார்க்‌ஷயரைச் சேர்ந்த செல்வர். ஸ்மித்சன் என்பது கொல்லன் மகன் எனப் பொருள்படும். அவர் பெர்சி என்னும் பெருங்குடியின் வாரிசான பெண்ணை மணந்தார். 1750இல் தம் பெயரைக் களைந்து பெர்சி என்னும் பெயரைப் பூண்டார். 1766இல் நார்தம்பர்லாந்துக் கோமகன் ஆனார். அவருக்கும் எலிசபெத் மேசி என்னும் விதவைக்கும் மணவுறவின்றிப் பிறந்த மகன் ஜேம்ஸ். பாரிசில் பிறந்த அவர் தாயின் பெயரால் ஜேம்ஸ் மேசி என்று வளர்ந்தார். வேதியியலில் தேர்ந்து இளமையிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். தந்தையின் பட்டமும் பெர்சி என்னும் பெயரும் அவருக்கு மறுக்கப்பட்டவை. 1800இல் தாய் மறைந்தபின் அவர் தந்தை தூக்கியெறிந்த பழம்பெயரை எடுத்துச் சூடிக்கொண்டு ஜேம்ஸ் ஸ்மித்சன் ஆனார்.

1829இல் இத்தாலியின் ஜெனோவாவில் அவர் காலமானார். தம் சகோதரரின் மகன் வழியின்றி இறப்பின், தம் செல்வம் முழுவதும் அமெரிக்க நாட்டுக்குச் சென்று, வாஷிங்டன் நகரில் அறிவை வளர்க்கவும் பரப்பவும் தம் பெயரால் ஒரு நிறுவனம் அமைய வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். அவ்வாறே அச்சகோதரர் மகன் 1835இல் மக்கட்பேறின்றி மறைந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொற்காசுகள் கடல் கடந்து சென்றன. ஸ்மித்சோனியன் நிறுவனம் 1846இல் சட்டப்படி தோன்றியது. தம் வாழ்நாளில் அவர் ஒருமுறையும் அமெரிக்க மண்ணை மிதித்ததில்லை. அவர் ஆராய்ந்த துத்தநாகத் தாது ஒன்றுக்கும் ‘ஸ்மித்சோனைட்’ என்று பின்னர்ப் பெயரிடப்பட்டது. உலைக்களத்துப் பெயர் ஒருவழியாக உலோகத்தை மீண்டும் சென்றடைந்தது. பெர்சி கோமகனை இன்று நினைப்போர் சிலர். அவர் கழற்றிய பெயரை அறியாதார் அரியர்.

குருதி சொல்லும் செய்தி

1853ஆம் ஆண்டுப் பதிவுகளை வைத்து இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் தலைமைப் பதிவாளர் அலுவலகம் கணக்கிட்டபோது, ஸ்மித் முதலிடத்திலும் ஜோன்ஸ் அடுத்த இடத்திலும் நின்றன. ஸ்மித்துகள் ஏறக்குறைய 2,50,000 பேர். எழுபத்து மூவருக்கு ஒருவர். இன்று பிரித்தானியாவில் அவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இவர்களெல்லாம் ஒரு வழியினரா என்னும் வினாவுக்கு ஏடுகளால் விடை காண இயலாத நிலையில், மரபணுவியல் துணைக்கு வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு ஒய் குரோமோசோம் ஏறத்தாழ மாற்றமின்றிச் செல்கின்றது. ஆங்கிலக் குடும்பப் பெயரும் அவ்வாறே செல்கின்றது. ஆகவே இரண்டையும் ஒப்பிடலாம் எனக் கண்டனர். ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் தம் பெயருடைய 48 ஆடவரை ஆராய்ந்தார். சைக்ஸ் என்பது யார்க்‌ஷயர் வட்டாரத்தில் சிற்றோடையைக் குறிக்கும் சொல். ஆராயப்பட்டோருள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஒரே வகை ஒய் குரோமோசோம் உடையவராய் இருந்தனர். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவனே அவர்தம் முன்னோன் ஆதல் வேண்டும் என்பது அவர் முடிபு.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த துரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் 2009இல் நாற்பது குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தனர். ஆட்டன்பரோ போன்ற அரிய பெயருடையோர் பெரும்பாலும் ஒரு முன்னோன் வழியினராகக் காணப்பட்டனர். ஸ்மித்துகளை ஆராய்ந்தபோது முற்றிலும் வேறான முடிபு கிடைத்தது. பெயர் வேறுபட்ட இருவரைத் தெருவில் நிறுத்தி ஒப்பிட்டால் எவ்வளவு ஒற்றுமை இருக்குமோ, அதற்கு மேல் இரு ஸ்மித்துகளிடையே ஒற்றுமை இல்லை. ஆயிரக்கணக்கான ஊர்களில் ஆயிரக்கணக்கான உலைகளிலிருந்து தனித்தனியே பிறந்த பெயர் வேறு எதைக் காட்டும்? இதனோடு, வளர்ப்புப் பிள்ளைகள், மணவுறவுக்கு வெளியே பிறந்தோர், தாயின் பெயர் ஏற்றோர் எனப் பெயரும் குருதியும் பிரியும் இடங்கள் தலைமுறைதோறும் உள்ளன. மகளிர் வழியோ இக்கணக்கில் வருவதே இல்லை. மணமாகித் தம் பெயரை இழந்த எண்ணற்ற ஸ்மித் பெண்களின் வழியினர் இன்று வேறு ஆயிரம் பெயர்களுக்குள் மறைந்து வாழ்கின்றனர்.

கடல் கடந்த ஸ்மித்துகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே ஸ்மித்துகள் 24,42,977 பேர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஷ்மிட்டுகள் பலர் ஸ்மித்துகளாக மாறியதும் இதில் அடங்கும். அந்த எண்ணிக்கையில் நூற்றுக்கு 23 பேர் கறுப்பின மக்கள் என்பது ஆழ்ந்து நோக்குதற்குரியது. இங்கிலாந்தின் கொல்லுப்பட்டறைக்கும் அவர்தம் முன்னோருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அப்பெயர் எவ்வாறு அவர்களை அடைந்தது என்பதற்கு வெஞ்சர் ஸ்மித்தின் வாழ்க்கை சான்றாகின்றது.

மேற்கு ஆப்பிரிக்காவில் 1729 அளவில் பிறந்தவர் அவர். தந்தை ஒரு குறுநிலத் தலைவர். மகனுக்கு இட்ட பெயர் புரோட்டியர். படையெடுத்து வந்தோர் தந்தையை வதைத்துக் கொன்றனர். சிறுவனைக் கடற்கரைக்கு ஓட்டிச் சென்று விற்றனர். கப்பலின் பண்டகக் காப்பாளன் நான்கு காலன் ரம்மும் ஒரு துண்டுத் துணியும் கொடுத்து அச்சிறுவனை வாங்கினான். தன் சொந்த முதலில் செய்த வாணிகம் என்பதால், தனி வாணிக முயற்சி என்னும் பொருள்படும் ‘வெஞ்சர்’ என்னும் சொல்லையே அவனுக்குப் பெயராக வைத்தான். வாங்கிய கணக்கே பெயராயிற்று.

கை மாறிக் கை மாறி, கனெக்டிகட் பகுதியைச் சேர்ந்த ஆலிவர் ஸ்மித் என்பவரிடம் வெஞ்சர் வந்து சேர்ந்தார். பேருருவும் பெருவலியும் வாய்ந்தவர் அவர். உடைமையாளரின் இசைவோடு வெளியாரிடம் உழைத்து, மரம் வெட்டியும் மீன் பிடித்தும் பயிரிட்டும் சேர்த்த பொருளைத் தவணைகளாகச் செலுத்தினார். 1765இல், 71 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்து முடித்துத் தம் உடலைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. இறுதியாகத் தம்மை உடைமையாக வைத்திருந்தவரின் குடும்பப் பெயரையே விடுதலை பெற்றபின் தம் பெயராகக் கொண்டார். பின்னர்த் தம் மைந்தர் இருவரையும், மனைவி மெக்கையும், மகள் ஹன்னாவையும் ஒருவர்பின் ஒருவராக விலை கொடுத்து மீட்டார். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் மூன்று வீடுகளும் படகுகளும் அவர் உழைப்பில் சேர்ந்தன. அவர் சொல்லப் பிறர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1798இல் அச்சாயிற்று. அதில் அவர் தம் பிறப்புப் பெயரையும் தந்தையின் பெயரையும் மறவாது பதிவு செய்துள்ளார். இளமையில் கேட்ட ஒலிகளை அறுபது ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்து எழுதச் செய்த செயல் அது.

விடுதலைக்குப் பின்னும் உடைமையாளர் பெயரை அவர் வைத்துக்கொண்டதேன் என்று வினவுவோர் உண்டு. நிலப்பத்திரம் எழுதவும் நீதிமன்றம் ஏறவும் இரு சொல் பெயர் வேண்டிய நாடு அது. புரோட்டியர் என்னும் பெயரை அங்கே ஏற்று எழுதும் ஏடு இல்லை. 1865க்குப் பின் விடுதலை பெற்ற இலட்சக்கணக்கானோர் இதே நிலையில் நின்றனர். சிலர் பழைய உடைமையாளர் பெயரைக் கொண்டனர். சிலர் அதனை வெறுத்து ஒதுக்கி, யார்க்கும் உரித்தல்லாத பொதுப்பெயர் என்று கருதியவற்றைத் தேர்ந்தனர். ஸ்மித் இருவகையிலும் இடம்பெற்றது.

வெஞ்சர் ஸ்மித் 1805ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் 19ஆம் நாள் மறைந்தார். கனெக்டிகட்டின் ஈஸ்ட் ஹாடம் ஊரில் திருச்சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் ஆப்பிரிக்கர் என்றும், அரசன் மகனாய்ப் பிறந்து கடத்தி விற்கப்பட்டவர் என்றும், உழைப்பால் பொருளீட்டித் தம் விடுதலையை வாங்கியவர் என்றும் அக்கல்லறைக் கல் கூறுகின்றது. எழுத்து இன்றும் தெளிவாக உள்ளது.

அவர் எந்த மண்ணிலிருந்து கொண்டுவரப்பட்டார் என்பதை மரபணு வழி அறிய விழைந்து, வழித்தோன்றல்களின் இசைவோடு ஆய்வாளர் 2006ஆம் ஆண்டில் அக்கல்லறையைத் திறந்தனர். அமிலம் மிகுந்த அந்நிலம் உடலை ஏறக்குறைய முழுவதும் கரைத்துவிட்டிருந்தது. கல்லை மீண்டும் அதன் இடத்தில் நிறுத்தினர்.